குழலின் முறுக்கை அளந்தவர்: சர் ஜோசப் விட்வொர்த்

நம் இல்லங்களுக்கு நீர் கொணரும் இரும்புக் குழாய்களின் முனையில் மரை வெட்டப்பட்டிருக்கக் காண்கிறோம். அம்மரையின் பற்கள் ஒன்றோடொன்று கூடும் கோணம் 55 பாகை. அது ஏன் 50 ஆக இல்லை, ஏன் 60 ஆக இல்லை என நாம் வினவுவதில்லை. அக்கோணத்தை 1841ஆம் ஆண்டில் வகுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் பட்டறை நடத்தி வந்த ஜோசப் விட்வொர்த் என்பவராவார். நம் நாட்டுக் கடைசல் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கி வந்த பி.எஸ்.டபிள்யூ. எனும் மரைப் பெயர்ச் சுருக்கத்தின் இறுதி எழுத்து, அவர்தம் பெயரின் முதலெழுத்தே. புத்தி தடுமாறியவனை மரை கழன்றவன் என ஏசும் வழக்கு நம்மிடையே உண்டு. ஆனால் அந்த மரைக்கு ஓர் ஒழுங்கு கற்பித்தவரை நாம் அறிந்திலோம்.

மரையை ஒழுங்கு செய்த அதே கை, மற்றொரு திருகலையும் ஆராய்ந்தது. அது துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே ஓடும் திருகல். எந்தக் குண்டிற்கு எவ்வளவு முறுக்கு வேண்டும் என்னும் வினாவை முறையான சோதனைக்கு உட்படுத்தி விடை கண்டவர்களுள் விட்வொர்த்திற்குத் தனியிடம் உண்டு. தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலப் பொறியாளர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று கேட்பார் இருக்கலாம். பொறியியற் செய்தி எதுவாயினும் அதனைத் தமிழில் பிழையறச் சொல்ல இயலுமா என்பதே நாம் நமக்கு விடுத்துக்கொண்ட வினா. சொல்ல இயலும் என்று மேடையில் முழங்குவதைக் காட்டிலும் சொல்லிப் பார்ப்பதே நேரிது.

இளமை

ஜோசப் விட்வொர்த் 1803ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சார்லஸ் விட்வொர்த் பள்ளியாசிரியர். பின்னர்ச் சமயப் பணியாளரானார். சிறுவர் ஜோசப் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஐடில் என்னும் ஊர்ப் பள்ளியில் சில காலம் பயின்றார். பதினான்காம் அகவையில் டெர்பிஷையர் பகுதியில் பருத்தி நூற்பாலை வைத்திருந்த மாமனிடம் தொழில் பழக அனுப்பப்பெற்றார். ஆலைக் கணக்கும் வாணிகமும் கற்று மாமனின் வழித்தோன்றலாக வரவேண்டும் என்பது குடும்பத்தாரின் எண்ணம். அவருடைய எண்ணமோ ஆலையில் ஓடிய எந்திரங்களின்மீது சென்றது. அவை எவ்வளவு செப்பமின்றிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதே அவர் கண்ணை உறுத்தியது. 1821ஆம் ஆண்டு, தம் 18ஆம் வயதில், மாமனின் ஆலையை விட்டு மான்செஸ்டர் சென்று சாதாரணத் தொழிலாளியாக எந்திரப் பட்டறையில் சேர்ந்தார்.

1825இல் பிரான்சஸ் ஆங்கர்ஸ் என்னும் பெண்மணியை மணந்துகொண்டு இலண்டன் சேர்ந்தார். அந்நாளில் எந்திரத் தொழிலின் பல்கலைக்கழகம் என்று சொல்லத்தக்க இடம் ஹென்றி மாட்ஸ்லே என்பாரின் பட்டறை. அங்கே அமர்ந்து உழைத்த காலத்தில்தான் மெய்ச்சமதளம் என்னும் பொருளின்மேல் அவர் கருத்து ஊன்றியது. பின்னர் ஹோல்ட்சாப்பல் பட்டறையிலும், கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜின் கணக்கு எந்திரத்திற்கு உறுப்புகள் செய்துகொண்டிருந்த ஜோசப் கிளமெண்டின் பட்டறையிலும் பணியாற்றினார்.

மெய்ச்சமதளம் பற்றி ஒரு சொல். இரண்டு இரும்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆயினும் ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் பொருந்தியிருக்கலாம். மூன்று பலகைகளை எடுத்துக்கொண்டு, எவ்விரண்டைச் சேர்த்தாலும் பொருந்துமாறு மாறிமாறிச் செதுக்கிக்கொண்டே போனால், மூன்றும் சமதளமாவதன்றி வேறு வழியில்லை. தேய்ப்பதை விடுத்து, மேடு கண்ட இடத்தை மட்டும் சுரண்டியெடுக்கும் முறையை விட்வொர்த் செம்மைப்படுத்தினார். மூன்றாமவரைச் சாட்சிக்கு அழைத்து வழக்குத் தீர்ப்பது போன்ற இம்முறை அவருடைய பிற்காலச் சிந்தனை முழுவதற்கும் அடித்தளமாயிற்று என்பது எம் கருத்து. அவர் எதையும் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு நிறைவடைந்தாரில்லை.

1833இல் மான்செஸ்டர் திரும்பித் தமக்கெனப் பட்டறை தொடங்கினார். கடைசல் எந்திரம், துளைக்கும் எந்திரம், இழைக்கும் எந்திரம் ஆகியவை அவர் பட்டறையிலிருந்து உலகெங்கும் சென்றன. 1841இல் நாட்டின் பல பட்டறைகளில் வழங்கிய திருகாணிகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமும் ஒவ்வொரு விட்டத்திற்கும் அங்குலத்திற்கு இத்தனை மரை என்னும் வரையறையும் கொண்ட பொதுமுறையை முன்மொழிந்தார். இருப்புப்பாதைக் குழுமங்கள் அதனை ஏற்க, அதுவே நாடளாவிய நியமமாயிற்று. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அவருடைய எந்திரங்களோடு அளவுப்பொறியும் வைக்கப்பெற்றது. அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கையும் காட்டவல்லது அவர் உருவாக்கிய அப்பொறி. விரல் பட்ட வெப்பத்தால் இரும்புக் கோல் நீள்வதைக்கூட அது காட்டிவிடும்.

அரசின் அழைப்பு

1854ஆம் ஆண்டு பிரித்தானியா கிரீமியப் போரில் இறங்கியது. பிரித்தானியப் படைக்கு இலட்சக்கணக்கில் என்பீல்டு துப்பாக்கிகள் தேவைப்பட்டன. அவற்றைக் கைத்தொழிலாளர்கள் தனித்தனியே அராவிப் பொருத்தி வந்தனர். இவற்றை எந்திரங்கொண்டு செய்ய வேண்டும். எந்திரங்களை விட்வொர்த் செய்து தர வேண்டும் என்று அரசு கேட்டது. கிடைத்தற்கரிய வாணிக வாய்ப்பு அது. மற்றொருவராயின் அன்றே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார்.

விட்வொர்த் துப்பாக்கித் தொழிலாளர்களிடம் சென்று குழலைப் பற்றி விசாரித்தார். துளையின் அகலம் ஏன் இவ்வளவு, முறுக்கு ஏன் இவ்வளவு, பள்ளம் ஏன் மூன்று என்று கேட்டார். ஆளுக்கொரு விடை வந்தது. அளந்து கண்டதாக எவரும் கூறவில்லை. தவறான குழலைத் துல்லியமாகப் பெருக்கித் தருவதால் யாருக்கு என்ன பயன் என்று அவர் எண்ணினார். சரியான குழல் எது என்பதைச் சோதனையால் நிறுவிய பின்னரே எந்திரம் செய்வேன் என்றும், சோதனைக்குக் காற்று புகாத நீண்ட கூடம் ஒன்று வேண்டும் என்றும் தெரிவித்தார். படைத் தலைமைப் பொறுப்பில் அப்போதிருந்தவர் ஹார்டிஞ்ச் பிரபு. 1844 முதல் 1848 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த அதே ஹார்டிஞ்சுதான். அவர் துணை நின்றார்.

மான்செஸ்டர் நகர்ப்புறத்தே ரஷோம் பகுதியில் தி பர்ஸ் என்னும் பெயருடைய விட்வொர்த்தின் இல்லத் தோட்டத்தில் 500 கெசம் நீளமும், 16 அடி அகலமும், 20 அடி உயரமும் கொண்ட கூடம் எழுப்பப்பட்டது. கட்டி முடித்த சில நாள்களில் புயற்காற்று அதனைச் சாய்த்துவிட்டது. மறுபடியும் கட்டினர். 1855 மார்ச்சில் சோதனை தொடங்கிற்று. குண்டு செல்லும் வழிநெடுக மெல்லிய தாள் திரைகள் தொங்கவிடப்பட்டன. ஒவ்வொரு திரையிலும் குண்டு இட்ட துளையைப் பார்த்து, அது நேராகச் சென்றதா, தலை சாய்ந்து சென்றதா, எவ்விடத்தில் சாயத் தொடங்கிற்று என்பதனை அறியலாம். துளை வட்டமாயிருந்தால் குண்டு நேர். நீள்வட்டமாயிருந்தால் அது சாய்ந்துவிட்டது. எவ்வளவு எளிய கருவி! புலப்படாது பறக்கும் குண்டின் பாதையைத் தாள் திரைகளில் எழுதச் செய்துவிட்டார்.

பம்பரமும் குண்டும்

முறுக்கு எதற்கு என்பதனை இவ்விடத்தில் விளக்குதல் வேண்டும். பழைய துப்பாக்கியின் குண்டு உருண்டை. உருண்டைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எப்படிப் புரண்டாலும் உருண்டையே. நீண்ட குண்டு அவ்வாறன்று. காற்று அதனை எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடைமையத்திற்கு முன்னே மூக்குப் பகுதியில் குவிகிறது. ஆதலின் குண்டு கவிழ்ந்து புரளவே முற்படும். அதனைக் கவிழாமல் காப்பது சுழற்சி. சாட்டை சுற்றி விட்ட பம்பரம் ஆணி முனையில் நிமிர்ந்து நிற்பதும், வேகம் குறைந்ததும் தலையாட்டத் தொடங்கிச் சாய்வதும் நாம் அறிந்தவை. குட்டையாய்ப் பருத்த பம்பரம் மெல்லச் சுழன்றாலும் நிற்கும். ஒடுங்கி நெடிதாய் இருப்பதை நிறுத்த மிகுந்த வேகம் வேண்டும். குண்டின் கதையும் இதுவே.

குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் பள்ளங்கள் குண்டிற்கு அச்சுழற்சியைத் தருகின்றன. எத்தனை அங்குல நீளத்திற்கு ஒரு முழுச் சுற்று என்பதே முறுக்களவு. 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்றால் முறுக்கு மிகுதி. 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்றால் முறுக்குக் குறைவு. எண் சிறுத்தால் முறுக்கு வலுக்கும் என்பதனை மாணவர் நினைவிற்கொள்வாராக.

முறுக்குக் குழலின் சிறப்பை முதன்முதலாக அறிவியல் நெறியில் ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் பீரங்கிக் கலை பற்றிய புது நெறி நூலை வெளியிட்ட அவர், 1747இல் இலண்டன் அரசுக் கழகத்தில் முறுக்குக் குழல் பற்றிய கட்டுரை படித்தார். கிழக்கிந்தியக் குழுமத்தின் தலைமைப் பொறியாளராக நம் நாட்டிற்கு வந்த அவ்வறிஞர், 1751 ஜூலை 29ஆம் நாள் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் உயிர்நீத்தார். கெடிலம் கடலோடு கலக்கும் அக்கரையில் முடிந்த ஆராய்ச்சியைத்தான் ஒரு நூற்றாண்டு கழித்து விட்வொர்த் தம் கூடத்தில் மேற்கொண்டார் என்று நாம் சொன்னால் மிகையாகாது.

மீண்டும் மான்செஸ்டருக்கு வருவோம். என்பீல்டு துப்பாக்கியின் குழல் 39 அங்குல நீளம்; துளையின் விட்டம் 0.577 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்திற்கு ஒரு சுற்று. ஆக, குழலை விட்டு வெளியேறும்போது குண்டு அரைச் சுற்றே சுற்றியிருக்கும். குண்டின் எடை 530 கிரெயின். நம் கணக்கில் ஏறக்குறைய 34 கிராம். படைவீரர் சுமக்கும் எடை கூடலாகாது என்பதற்காகக் குண்டின் எடையும், 70 கிரெயின் மருந்தின் அளவும் மாறக்கூடாதென அரசு விதித்திருந்தது.

இக்கட்டுப்பாட்டினுள் நின்று விட்வொர்த் சிந்தித்த வரிசை வியப்பிற்குரியது. காற்றின் தடையைக் குறைக்க வேண்டுமாயின் குண்டின் முகம் சிறுக்க வேண்டும். எடையோ மாறக்கூடாது. முகம் சிறுத்து எடை மாறாதிருக்க வேண்டுமாயின் குண்டு நீள வேண்டும். நீண்ட குண்டு எளிதில் கவிழும். எனவே முறுக்கு மிக வேண்டும். முறுக்கு மிகுந்தால் மென்மையான ஈயக் குண்டு ஆழமற்ற பள்ளங்களைப் பற்றாமல் உரிந்துகொண்டு நேரே வெளியேறிவிடக்கூடும். எனவே பள்ளத்தையே விட்டொழிக்க வேண்டும். துளையை வட்டமாக வைத்துக் கீறல் போடுவதை விடுத்து, துளை முழுவதையும் அறுகோணமாகச் செய்து, அவ்வறுகோணத்தையே திருகிவிட்டார். குண்டையும் அதே திருகலோடு அறுகோணமாக வார்த்தார். திருகாணி மரைக்குள் புகுவது போலக் குண்டு குழலினுள் புகுந்தது. மரை கண்டவர் மூளையில் வேறென்ன தோன்றும்!

இதில் ஒரு நேர்மைக் குறிப்பும் சேர்த்தல் வேண்டும். பலகோணத் துளை என்னும் எண்ணம் விட்வொர்த்திற்கு மட்டும் உரியதன்று. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே இருப்புப்பாதைப் பொறியாளர் புரூனல் எண்கோணத் துளையுடைய துப்பாக்கி ஒன்றைப் பர்மிங்காம் நகர வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸைக் கொண்டு செய்வித்திருந்தார். எண்ணம் யாருக்கு முதலில் வந்தது என்பது பற்றிப் பின்னர் வழக்காடியோர் உண்டு. ஆனால் எந்த முறுக்கு வேண்டும் என்பதனை வரிசையாய்ச் சோதித்தவர் விட்வொர்த்தே.

60 அங்குலத்திற்கு ஒரு சுற்று, 30க்கு ஒன்று, 20க்கு ஒன்று, 10க்கு ஒன்று, 5க்கு ஒன்று எனக் குழல்கள் செய்து சுட்டுப் பார்த்தார். இதற்கும் ஒரு படி மேலே சென்று, ஒரே அங்குலத்திற்கு ஒரு முழுச் சுற்று என்னும் வியத்தகு முறுக்கினையும் செய்து பார்த்தார். அக்குழலிலிருந்து ஈயமும் வெள்ளீயமும் கலந்த குண்டு வெடிக்காமலும் தடைப்படாமலும் வெளியேறி 7 அங்குலப் பருமனுள்ள மரப்பலகைகளைத் துளைத்துச் சென்றது. அத்துணை முறுக்கு எவருக்கும் தேவையில்லை என்பது அவருக்கும் தெரியும். எல்லை எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டுமாயின் எல்லைக்கு அப்பாலும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பதற்காகவே அதனைச் செய்தார். முடிவில் 0.45 அங்குலத் துளையும், விட்டத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு நீளமுள்ள குண்டும், 20 அங்குலத்திற்கு ஒரு சுற்றும் என்று நிலைநாட்டினார். 39 அங்குலக் குழலில் குண்டு ஏறக்குறைய இரு முழுச் சுற்றுச் சுற்றியே வெளிவரும். வேகம் ஒன்றாயின் என்பீல்டு குண்டைப்போல் நான்கு மடங்கு சுழற்சி.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. என்பீல்டு குண்டும் 530 கிரெயின். விட்வொர்த் குண்டும் 530 கிரெயின். எடை ஒன்றாயிருக்க, ஒன்றிற்கு 78 அங்குல முறுக்கும் மற்றொன்றிற்கு 20 அங்குல முறுக்கும் வந்தமை எவ்வாறு? முறுக்கை முடிவு செய்வது குண்டின் எடையன்று. நீளமும், நீளத்திற்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமுமே. எடை மிகுந்த குண்டிற்கு முறுக்கு மிக வேண்டும் என்று இன்றும் பலர் கூறுவர். ஒரே துளையளவில், ஒரே உலோகத்தில் எடை கூடினால் நீளம் கூடியே தீரும் என்பதால் அக்கூற்றுப் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. ஆனால் ஈயத்திற்குப் பதில் செம்பால் குண்டு செய்தால், எடை அதுவேயாயினும், செம்பு அடர்த்தி குறைந்ததாகலின் குண்டு நீண்டுவிடும். முறுக்கும் மிக வேண்டியதாகும். எடையை மட்டும் நம்பியோர் அவ்விடத்தில் தடுக்கி விழுவர்.

ஹைத் களம்

1857 ஏப்ரலில் ஹைத் என்னும் ஊரிலிருந்த படைத்துறைத் துப்பாக்கிப் பள்ளியில் இருவகைத் துப்பாக்கிகளும் களமிறக்கப்பட்டன. 500 கெசத் தொலைவில் என்பீல்டு குண்டுகள் நடுப்புள்ளியிலிருந்து சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த் குண்டுகள் 0.37 அடியே விலகின. அதாவது ஒன்று கதவளவு சிதறியது. மற்றொன்று தாம்பாளத் தட்டிற்குள் அடங்கியது. 1400 கெசத்திற்கும் அப்பால் என்பீல்டால் இலக்கைத் தொடவே இயலவில்லை. விட்வொர்த் அங்கும் தொட்டது. துணை நின்ற ஹார்டிஞ்ச் இதனைக் காண இல்லை. அவர் 1856 செப்டம்பரில் மறைந்துவிட்டார்.

அதே 1857ஆம் ஆண்டின் அதே இளவேனிற் காலத்தில், ஹைத் களத்தில் தோற்ற அதே என்பீல்டு துப்பாக்கியின் தோட்டா, வங்கப் படையணிகளில் கொழுப்புப் பூசிய காரணத்தால் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தது. மே 10ஆம் நாள் மீரத்தில் அந்நெருப்பு வெடித்தது. தோட்டாவில் என்ன பூசப்படுகிறது என்பதனை ஆளுவோர் பொருட்படுத்தவில்லை. குழலின் முறுக்கைப் பற்றியும் அவர்கள் அங்ஙனமே இருந்தனர்.

வென்ற துப்பாக்கியைப் படைத்துறை ஏற்கவில்லை. காரணங்கள் கூறப்பட்டன. விலை என்பீல்டைப்போல் பன்மடங்கு. ஒடுங்கிய துளையில் கரிமருந்தின் கசடு விரைவில் அடைத்துக்கொள்வதால் முன்வாய் வழியே குண்டிடுவது கடினம். படைக்கலத்திற்கு அத்துணைச் சிறு துளை ஆகாது. இவற்றை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட நாம் ஒருப்படவில்லை. கசடு பற்றிய குறை மெய்யானதே. போர்க்களத்தில் குழலைத் துடைத்துக்கொண்டிருக்க வீரனுக்கு நேரமேது? தம் கூடத்தில் காற்றை விலக்கிய விட்வொர்த் களத்தின் புகையையும் சேற்றையும் அதே அளவு எண்ணினார் என்று சொல்வதற்கில்லை. சில ஆயிரம் துப்பாக்கிகள் செய்து படையணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததோடு அரசு அமைந்துவிட்டது. ஆனால் துளை மிகச் சிறிது என்ற காரணம் நிலைக்கவில்லை. 1871இல் அதே பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளை 0.45 அங்குலம், குண்டு 480 கிரெயின், முறுக்கு 22 அங்குலத்திற்கு ஒரு சுற்று. விட்வொர்த்தின் பெயர் அதில் இல்லை. எண்களில் அவர் இருந்தார். பின்வாய் வழியே தோட்டா இடும் முறை வந்துவிட்டதால் கசடுத் தொல்லையும் பெரிதாகத் தோன்றவில்லை.

இலக்குச் சுடும் விளையாட்டினர் அவரைக் கொண்டாடினர். 1860 ஜூலை 2ஆம் நாள் விம்பிள்டன் திடலில் தேசியத் துப்பாக்கிக் கழகத்தின் முதற் போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா அரசியார், தாங்கியில் பொருத்தி வைத்த விட்வொர்த் துப்பாக்கியின் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெசத்திற்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியிலிருந்து இரண்டு அங்குலத்திற்கும் குறைந்த தொலைவில் பதிந்தது.

அத்துல்லியத்தின் மறுபக்கமும் விரைவில் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கடல் முற்றுகையைத் தாண்டி விட்வொர்த் துப்பாக்கிகளைச் சிறு எண்ணிக்கையில் வரவழைத்து, தேர்ந்த குறிவீரர்களிடம் மட்டும் கொடுத்தனர். 1864 மே 9ஆம் நாள் ஸ்பாட்சில்வேனியா களத்தில் வடபடையின் தளபதி ஜான் செட்ஜ்விக், குண்டுக்கு அஞ்சிக் குனிந்த தம் வீரர்களைக் கடிந்துகொண்டிருந்தபோது முகத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அது விட்வொர்த் துப்பாக்கியின் குண்டு என்பதே பரவலான கூற்று. முன்பு ஒருவரையொருவர் காணும் தொலைவில் நின்று பொருதினர். இனி, தன்னைச் சுடுபவன் யார் என்றறியாமலே மாண்டுபோகும் காலம் வந்தது. துல்லியத்தை வணங்கிய மனிதரின் வரலாற்றை எழுதும்போது இதனை மறைத்துச் செல்ல எம்மால் இயலவில்லை. அவர் பின்னர்ப் பீரங்கிகளும் செய்தார். ஆர்ம்ஸ்ட்ராங் என்பாருடன் பல்லாண்டு போட்டியிட்டார். உருக்கை நீர்மமாக இருக்கும்போதே அழுத்திக் குமிழிகளை நீக்கும் முறையையும் அதன்பொருட்டே கண்டார். அப்போட்டியின் கதை தனியே எழுதத்தக்கது; இங்கு விரிப்பின் பெருகும்.

பின்வந்த கணிதம்

விட்வொர்த் சுட்டுக் கண்டதை மற்றொருவர் கணித்துக் கண்டார். ஊல்விச் படைப்பள்ளியில் கணிதம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் ஓர் எளிய வாய்பாடு வகுத்தார். குண்டின் விட்டத்தைத் தன்னால் பெருக்கி, அதனை 150 ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் வேண்டிய முறுக்களவு அங்குலத்தில் கிடைக்கும். ஈயம் நிறைந்த குண்டிற்கும் அக்கால வேகத்திற்கும் பொருந்தியது அது. விட்வொர்த்தின் குண்டை அதில் இட்டுப் பார்ப்போம். விட்டம் 0.45, நீளம் அதன் மும்மடங்காகிய 1.35. விடை 22.5 அங்குலம். வாய்பாடு பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, தாள் திரைகளையும் தம் கண்களையும் மட்டும் கொண்டு அவர் 20 என்று கண்டிருந்தார். சற்றே மிகுதியாக முறுக்கி வைத்ததும் அறிவுடைமையே. குறைந்தால் குண்டு கவிழும். சிறிது கூடினால் பெருங்கேடு இல்லை. அளவு மீறிக் கூடினால் குண்டின் சிறு எடைக்கோணல்கூடப் பெரிதாகிச் சிதறலை மிகுவிக்கும். மெல்லிய உறையுடைய குண்டாயின் சுழற்சியின் விசையால் நடுவானில் பிய்ந்தும் போகும்.

இவ்வினா விட்வொர்த்தோடு முடிந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படை 5.56 மில்லிமீட்டர்த் துளையும் 55 கிரெயின் குண்டும் உடைய புதுத் துப்பாக்கியை ஏற்றது. அதன் முறுக்கு முதலில் 14 அங்குலத்திற்கு ஒரு சுற்று. கடுங்குளிரில் காற்று அடர்ந்திருக்கும். அடர்ந்த காற்று குண்டை மிகுதியாகக் கவிழ்க்கும். உறைபனிச் சோதனையில் குண்டு தடுமாறக் கண்டு முறுக்கை 12 ஆக்கினர். 1980களில் 62 கிரெயின் குண்டும், அதனினும் நீண்ட ஒளிர்குண்டும் வந்தபோது அந்நீளத்தின் பொருட்டு முறுக்கு 7 அங்குலத்திற்கு ஒரு சுற்று என்றாயிற்று. படைத்துறையார் மீண்டும் மீண்டும் நீளத்திடமே பாடம் கேட்க வேண்டியிருந்தது.

முதுமை

1868இல் விட்வொர்த் ஆண்டுக்கு 3000 பவுன் வருவாய் தரும் அறக்கட்டளை நிறுவி, ஆளுக்கு 100 பவுனாக முப்பது மாணவர்க்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். 26 வயதிற்குட்பட்ட இளைஞர் கணிதத்திலும் இயற்பியலிலும் தேர்வதோடு, அரம் பிடிக்கவும் கடைசல் செய்யவும் உலைக்களத்தில் சம்மட்டி ஓங்கவும் கைத்திறன் காட்ட வேண்டும் என்பது அதன் நெறி. நூற்கல்வி பெற்றோர் கையழுக்காக அஞ்சுவதும், கைத்தொழிலர் நூலைக் கண்டு அஞ்சுவதும் அந்நாட்டிலும் இருந்தன போலும். 1869இல் அவருக்குப் பேரனட் என்னும் பரம்பரைப் பட்டம் வழங்கப்பெற்றது. முதல் மனைவியார் மறைந்தபின் 1871இல் மேரி லூயிசா ஓரெல் அம்மையாரை மணந்து, டெர்பிஷையரில் டார்லி டேல் என்னும் ஊரில் ஸ்டான்கிளிப் மாளிகையில் வாழ்ந்தார். மக்கட்பேறு இல்லை. பட்டம் அவரோடு முடிந்தது.

உடல் நலிவுற்ற இறுதிக் காலத்தில் குளிர்மாதங்களை மத்தியதரைக் கடற்கரையில் கழித்து வந்தார். 1887 ஜனவரி 22ஆம் நாள் மாண்டி கார்லோவில் காலமானார். உடல் டார்லி டேலுக்குக் கொணரப்பட்டு அவ்வூர்ப் புனித ஹெலன் ஆலயத்து மண்ணில் அடக்கம் செய்யப்பெற்றது. திரண்ட செல்வத்தை அம்மையாரும் அவருடைய நண்பர்களும் மான்செஸ்டர் நகருக்குக் கலைக்கூடமாகவும் பூங்காவாகவும் மருத்துவமனையாகவும் கல்வி நிலையங்களாகவும் வழங்கினர். பட்டறைக் குழுமம் 1897இல் பழைய போட்டியாளரான ஆர்ம்ஸ்ட்ராங் குழுமத்தோடு இணைந்துவிட்டது. ரஷோம் இல்லத்தில் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் ஆசிரியர் சி. பி. ஸ்காட் நெடுங்காலம் குடியிருந்து, நாள்தோறும் அங்கிருந்து மிதிவண்டியில் அலுவலகம் சென்று வந்தார். அவருக்குப் பின் அவ்வில்லமும் தோட்டமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வசமாயின.